பிரித்துத் தைத்த மேலங்கி

1

இந்தக் கதை ஒரு கிழிந்த அக்குளில் பிறந்தது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினேன்; சட்டை ‘டர்ர்’ என்றது. பக்கத்தில் நின்றவர்கள் நாகரிகமாக ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார்கள். ஓட்டுநர் ஒரு பெண்மணி. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் என்னைக் கண்டுபிடித்து, “அடுத்த ஸ்டாப்புல எறங்குங்க. சாவிக்கடைக்குப் பக்கத்துல தையல்கடை இருக்கு. அதுவரைக்கும் கைய மட்டும் தூக்கிடாதீங்க” என்றார். பஸ் முழுக்கக் கேட்டது.

தையல்கடை என்பது ஓர் அறை. ஒரு மிஷின், ஒரு வெட்டுமேசை, உடை மாற்ற மூலையில் ஒரு திரை. சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, யாருடைய வீட்டுக்கோ பாதி தைத்து வைத்திருந்த ஜன்னல் திரையைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். வெளியே இரண்டு பெண்களின் குரல்.

“பிரிச்சது நீங்கதானே?”

“நான் எதுக்குடி பிரிக்கப் போறேன்?”

பிறகு ஒரு சிரிப்பு. ஒருத்தி தொடங்கி மற்றவள் சேர்ந்துகொண்டு, இருவருக்கும் மூச்சு முட்டி, மேசையில் கத்தரி அதிர்கிற சிரிப்பு. என் சட்டையை அறவே மறந்துவிட்டார்கள். எதைப் பிரித்தார்கள், ஏன் சிரித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. சட்டை இல்லாத ஒருவன் கேள்வி கேட்கும் நிலையில் இருப்பதில்லை.

நான் பார்த்ததும் கேட்டதும் அவ்வளவுதான். இனி வருவது முழுக்க நானாக இட்டுக்கட்டியது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

‘மனிதன் முதன்முதலாக இரண்டு தோல்களை ஒன்றோடொன்று இணைத்தபோது’

[போதும். இப்படிக் கிளம்பினால் கடைக்கு வந்து சேர்வதற்குள் உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும்.]

‘அன்று காலை மேகமூட்டமாக இருந்தது. கடையின் ஜன்னல் வழியே’

[அந்தக் கடைக்கு ஜன்னல் கிடையாது.]

‘பாப்பாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது.’

இது இருக்கட்டும். பாப்பா அந்த வீட்டின் கடைக்குட்டி. மூக்குக்கண்ணாடி வந்த பிறகும், மகள் கல்லூரிக்குப் போன பிறகும் பாப்பா பாப்பாதான். ஜீன்ஸ் தைக்கும் ஒரு பெரிய பேக்டரியில் இருபது வருஷத்துக்குக் கிட்ட வேலை பார்த்தவள். அங்கே அவளுக்கு ஒரே வேலை: காலின் உள்பக்கத் தையல். பாக்கெட் ஒருத்தி, ஜிப் ஒருத்தி, இடுப்புப்பட்டி இன்னொருத்தி. பாப்பாவிடம் கால் வரும், தைப்பாள், கால் போகும். “ஊர்ல பாதிப் பேரு என் தையல்லதான் நடக்குறாங்க” என்று வீட்டில் பெருமை அடித்துக்கொள்வாள். ஆனால் ஒரு முழு ஜீன்ஸைத் தைத்ததில்லை. முழுதாக எதையுமே தைத்ததில்லை.

பேக்டரி வேறு ஊருக்கு இடம் மாறியது. பாப்பா மாறவில்லை. அண்ணனின் மனைவி, அதாவது அண்ணி, வைத்திருந்த தையல்கடையில் சேர்ந்துகொண்டாள். ஒரே மிஷின் என்பதால் காலையில் அண்ணி, மதியத்துக்கு மேல் பாப்பா. அண்ணி கடையைப் பூட்டி, சாவியைப் பக்கத்துச் சாவிக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவாள். பாப்பா வந்து வாங்கிக்கொள்வாள்.

“ஆளுக்கொரு சாவி போட்டுத் தரேன்னு சொன்னாக் கேக்க மாட்டேங்கறீங்களே” என்பார் அவர்.

“அப்புறம் உங்ககிட்ட வந்து பேசறது யாரு?” என்பாள் பாப்பா.

பாப்பாவின் ஆசை என்னவென்றால், ஒரு முழு உடுப்பு. அளவெடுப்பதிலிருந்து கடைசிக் கொக்கி வரை, வேறு யார் கையும் படாமல். அதைப் போட்டுக்கொண்டு ஒருத்தர் தெருவில் நடக்க, தெரியாதவள்போலக் கொஞ்ச தூரம் பின்னாலேயே நடந்து பார்க்க வேண்டும். சொன்னால் சிரிப்பார்கள் என்று அண்ணியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அண்ணி சிரிக்கவில்லை. “நல்ல துணியா ஒண்ணு வரட்டும்” என்றாள்.

(முதல் வரைவில் அண்ணனும் இருந்தார். கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கதைக்குள் அவர் செய்ய ஒன்றுமில்லாததால் ஓரத்தை ஒட்ட நறுக்கிவிட்டேன். அவருக்கும் அதில் வருத்தமிருக்காது.)

3

இங்கே ஒரு சின்னக் கட்டுரை வருகிறது. கதை மட்டும் போதும் என்பவர்கள் 4-க்குத் தாவலாம். ஆனால் 5-ல் மாட்டிக்கொண்டு இங்கேதான் திரும்பி வருவீர்கள்.

உங்கள் உடுப்பின் பக்கவாட்டு ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். (பஸ்ஸில் இருந்தால் வேண்டாம்.) இரண்டு துணிகளின் நல்ல பக்கங்களை, அதாவது வெளியே தெரிய வேண்டிய பக்கங்களை, முகத்தோடு முகம் வைத்து மிஷினில் ஒரு ஓட்டு ஓட்டினால், அது சாதாரணத் தையல். விரித்தால் வெளியே கோடு மட்டும் தெரியும். உள்ளே இரண்டு ஓரங்கள் பிசிறு தட்டிக்கொண்டு நிற்கும். பாவாடை, பள்ளிச் சீருடை எல்லாம் இதுதான். உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத் தைத்துவிட்டால், உடம்பு போடும்போது பிரித்து விட்டுக்கொள்ளலாம். அண்ணியின் பெயரே அதனால்தான் நிலைத்தது. அவள் தைத்த சீருடைகள் பிள்ளைகளோடு சேர்ந்து வளரும்.

பிசிறை அடக்க ஓவர்லாக். ஓரத்தை நூலால் பின்னிக்கொண்டே போகும். பனியன் துணிக்கு அதுவேதான் தையலும். இழுத்தால் கூடவே வரும், அறாது. ஜீன்ஸ் காலில் இருப்பது வேறு. ஒரு ஓரத்தை இன்னொன்றுக்குள் மடித்துச் சொருகி, மேலே இரண்டு வரி ஓட்டுவது. ஒளிவு மறைவே கிடையாது. ‘ஆமாம், இங்கேதான் தைத்திருக்கிறேன், இப்போ என்ன?’ என்று கேட்கும் தையல்.

கண்ணாடி போன்ற துணிக்கு இவை உதவாது. உள்ளே எதை ஒளித்தாலும் வெளியே தெரியும். அதற்குத்தான் பிரெஞ்சுத் தையல்.* இதில் வேடிக்கை, முதலில் தப்பாகத் தைக்க வேண்டும். உள்பக்கங்களைச் சேர்த்து வைத்து, பிசிறு நல்ல பக்கத்தில் துருத்திக்கொண்டு நிற்கும்படி ஒரு ஓட்டு. பிறகு அந்த ஓரத்தை ஒட்ட நறுக்கி, துணியைப் புரட்டி, உள்பக்கத்தில் இரண்டாவது ஓட்டு. முதல் தையலும் பிசிறும் இரண்டாவதன் வயிற்றுக்குள் போய் அடங்கிவிடும். வெளியே முடி போல ஒரு கோடு. உள்ளே தோலில் உறுத்த ஒன்றுமில்லை. கைக்குழந்தைச் சட்டைகளை இப்படித் தைப்பார்கள்.

ஒரே ஒரு சங்கடம். முதல் ஓட்டோடு நிறுத்திவைத்திருக்கும் நேரத்தில் அதைப் பார்க்கிறவர்களுக்கு, ‘ஐயோ, பக்கம் மாத்தித் தச்சிட்டாளே’ என்றுதான் தோன்றும்.

* சட்டையில் கை வந்து சேரும் வளைவான கைக்குழியில் பிரெஞ்சுத் தையல் போடுவது லேசில்லை என்று எனக்கு யாரும் எழுத வேண்டாம். பாப்பாவுக்கும் தெரியும்.

4

கதைக்கு ஒரு வாடிக்கையாளர் தேவைப்பட்டார். அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் பஸ் ஓட்டுநர்தான். அதனால் அவரையே கூட்டிவந்தேன். நிஜத்தில் அவருக்குக் கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கலாம். கதையில் அவருக்கே கல்யாணம். மாப்பிள்ளை, டிப்போவில் மெக்கானிக்.

“எனக்குத்தாங்க கல்யாணம்” என்றார் பஸ் அக்கா. “லேட்டானாலும் வண்டி வந்துடுச்சில்ல.”

மேசையில் துணியைப் பிரித்துப் போட்டார். வெளிர் நீல ஆர்கன்சா, கண்ணாடி போல ஊடே தெரியும் துணி. ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். உடைக்கு மேலே போட்டுக்கொள்ள, திறந்த முன்பக்கமும் முழுக்கையுமாக, கணுக்கால் வரை ஒரு மேலங்கி வேண்டுமாம்.

“தையல் எப்படி இருக்கணும் தெரியுமா? இருக்கணும், ஆனா இருக்கக் கூடாது.”

“புரியுது” என்றாள் பாப்பா. அண்ணி பேசுவதற்கு முன்பே.

“இன்னொரு விஷயம். கையை நல்லா வீசணும். மண்டபத்துக்கு எல்லாரும் என் பஸ்லதான் போறோம். நான்தான் ஓட்டறேன்.”

“கல்யாணப் பொண்ணேவா?” என்றாள் அண்ணி.

“பின்னே? என் வண்டிய இன்னொருத்தன் கையில குடுத்துட்டு நான் பின்னாடி உக்காரணுமா? மாப்பிள்ளைய வேணா மாத்திக்கறேன்.”

அவர் போன பிறகு அண்ணி துணியை மடித்துப் பாப்பாவின் கையில் வைத்தாள்.

“இது உன்னோடது. வெட்டறதும் நீ, தைக்கறதும் நீ. நான் தொடமாட்டேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“நடுவுல வந்து யோசனை சொல்வீங்க.”

“சொல்லமாட்டேன். வாயைத் தச்சுக்கறேன், போதுமா?”

5

பாப்பா அந்த ஆர்கன்சாவை வெட்டிய விதத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். மிக அழகான பத்தி. ‘கத்தரி துணியின் மேல் ஒரு படகைப் போல’

[எடுத்துவிட்டேன். ஆர்கன்சா மேசையில் வழுக்கும். வெட்டுகிறவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு வெட்டுவாள். படகெல்லாம் அங்கே போகாது.]

வெட்டிவிட்டாள். அடுத்த மதியம் தைக்க உட்கார்ந்தாள். பிரெஞ்சுத் தையலைப் போனில் படம் பார்த்து, வீட்டில் பழைய கைக்குட்டைகளில் தைத்துத் தைத்துப் பழகியிருந்தாள். அண்ணிக்குத் தெரியாமல்தான் பழகினாள். பழகியதைக் காட்டுவதில் சுகமில்லை, முடித்ததைக் காட்டுவதில்தான் சுகம் என்பது அவள் எண்ணம்.

இந்தக் கதையின் முடிச்சு விழுவது இங்கேதான். அண்ணியைப் போன்ற தையல்காரர்கள் இரண்டு துண்டுகள் சேரும் ஒரு மூட்டின் தையலை முதலிலிருந்து கடைசி வரை முடித்துவிட்டுத்தான் அடுத்த மூட்டுக்குப் போவார்கள். பேக்டரிக்காரர்கள் அப்படியில்லை. ஒரே வேலையை எல்லாத் துண்டுகளுக்கும் செய்து, அடுக்கி, கட்டி வைத்துவிட்டு, பிறகுதான் அடுத்த வேலை. பாப்பாவின் கை இருபது வருஷமாக அதற்குப் பழகிய கை. எல்லா மூட்டுகளுக்கும் முதல் ஓட்டு மட்டும் போட்டாள்: தோள், பக்கவாட்டு, கையின் உள்மூட்டு. நல்ல பக்கத்தில் பிசிறு முழுக்கத் துருத்திக்கொண்டு நிற்க, நாளைக்கு நறுக்கிப் புரட்டலாம் என்று அழகாக மடித்து, மேல் தட்டில் வைத்துவிட்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

6

மறுநாள் காலை அண்ணி தட்டைப் பார்த்தாள்.

இந்த இடத்தில் நான் நிறையத் தடுமாறினேன். ஒரு வரைவில் அண்ணியைப் பொறாமைக்காரியாக எழுதினேன். அவள் ஒத்துழைக்கவே இல்லை. பாப்பாவை மட்டம் தட்ட ஒரு வசனம் கொடுத்தால், அதற்கு முன் “சாப்பிட்டியா?” என்று கேட்டுவிடுகிறாள். எட்டிப் பார்ப்பதற்கு மட்டும் ஒரு காரணம் கொடுத்தேன்; பார்த்த பிறகு அவள் முகம் வாடிவிட்டது. அப்போதுதான் அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரிந்தது.

அவள் நினைத்தது இது. ‘பாவம், பக்கம் மாத்தித் தச்சுட்டா. ஒரு மூட்டு இல்லை, அத்தனையும். ஜீன்ஸ் காலு மட்டுமே தச்ச பிள்ளை, என்ன செய்யும்? சொன்னா ஒடிஞ்சு போயிடுவா. நான் தொடமாட்டேன்னு வேற சொல்லியிருக்கேன். தொட்டதே தெரியாம சரி பண்ணிட்டா என்ன?’

கதவைச் சாத்தினாள். பிளேடை எடுத்தாள். தையலைப் பிரித்து, பளபளக்கும் பக்கங்களை முகத்தோடு முகம் வைத்து, சாதாரணத் தையலாக மறுபடி ஓட்டினாள். ஆர்கன்சா மறக்காத துணி. ஊசி போன இடமெல்லாம் துளை நிற்கும். பழைய துளைகள் வெளியே தெரியாமலிருக்க, கொஞ்சம் உள்ளே தள்ளித் தைத்தாள். பாப்பா மடித்திருந்ததைப் போலவே மடித்து அதே தட்டில் வைத்தாள். ஒரு நல்ல காரியம் செய்தவளின் முகத்தோடு சாவியைக் கொடுக்கப் போனாள்.

“என்னம்மா, லாட்டரி அடிச்சுதா?” என்றார் சாவிக்கடைக்காரர்.

7

பாப்பா வந்து பிரித்துப் பார்த்தாள். மூட்டெல்லாம் உள்ளே இருந்தது.

முதலில் தன் மேலேயே சந்தேகம் வந்தது. பழக்கதோஷத்தில் தானே அப்படி ஓட்டிவிட்டோமா? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். துளை வரிசை ஒன்று அதிகமாக இருந்தது. இது அண்ணி. ‘பிரெஞ்சும் வேணாம் மண்ணாங்கட்டியும் வேணாம், ஒழுங்கா எல்லாரும் தைக்கிற மாதிரி தை’ என்று வாயைத் திறக்காமல் சொல்லியிருக்கிறாள். யோசனை சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தவள், ஊசியால் சொல்லியிருக்கிறாள்.

பாப்பாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் கேட்கவில்லை. கேட்டால் அது அண்ணியும் கை வைத்த துணி என்று ஆகிவிடும். கேட்காதவரை அவளுடையதுதான். பிளேடை எடுத்தாள். பிரித்தாள். துளை விழுந்த ஓரங்களை வெட்டி எறிந்தாள். மறுபடி எல்லா மூட்டுக்கும் முதல் ஓட்டு, நல்ல பக்கத்தில். மடித்தாள். தட்டில் வைத்தாள்.

இதற்கிடையில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அன்று சாயங்காலம் போனில் நிறையப் பேசினார்கள். மகளின் பரீட்சை, கேஸ் சிலிண்டர், யாரோ ஒரு சொந்தக்காரர் வாங்கிய அசிங்கமான சோபா. ஆர்கன்சாவைத் தவிர எல்லாம்.

“எப்படிப் போகுது பஸ் அக்கா கோட்டு?” என்று அண்ணி ஒருமுறை கேட்டாள்.

“போகுது” என்றாள் பாப்பா.

“நல்லா போகுதா?”

“நல்லாவே போகுது.”

மறுநாள் காலை அண்ணி தட்டைப் பார்த்தாள். ‘அட ராமா’ என்று [யார் பெயரும் இந்தக் கதையில் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன்] ‘அடக் கஷ்டமே’ என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். ‘திரும்பவும் அதே தப்பு! சரியா இருந்ததைப் பிரிச்சுத் தப்பா தச்சிருக்கே இந்தப் பிள்ளை!’ ஆனாலும் பொறுமையாக உட்கார்ந்து பிரித்தாள். இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளித் தைத்தாள்.

இப்படி ஒரு சுற்று நடந்தால் வேடிக்கை, இரண்டு நடந்தால் கதை, மூன்றாவது நடந்தால் உங்களுக்கு அலுத்துவிடும். அதனால் அன்றே பஸ் அக்காவை வரச் சொல்லிவிட்டேன். போட்டுப் பார்க்க.

8

சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கல்யாணத்துக்கு முந்தைய நாள். அண்ணி சாவியைக் கொடுத்துவிட்டுப் போகாமல் சாவிக்கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்த நேரம். பாப்பா தெருமுனையில் வந்துகொண்டிருந்த நேரம். மூவரும் ஒன்றாக உள்ளே நுழைந்தார்கள்.

மேலங்கியின் முன்பக்கமும் பின்பக்கமும் பக்கவாட்டில் சேர்ந்திருந்தன. அதன் கைகளை இன்னும் இணைக்கவில்லை. அண்ணி, தொடக் கூடாது என்ற சத்தியத்தை மறந்து, மேலங்கியின் கைகளைக் குண்டூசியால் சேர்த்துக் குத்தினாள். பஸ் அக்கா அதைப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தார். இடது பக்கம் திருப்பினார். பாதியில் நின்றது. வலது பக்கம் திருப்பினார். அதுவும் நின்றது. முதுகில் துணி மிருதங்கம்போல இறுகிக்கொண்டது.

“யம்மா, ஸ்டியரிங் பாதிதான் திரும்புது. நேரா போற ரோட்டுல மட்டும்தான் நான் கல்யாணம் பண்ணிக்க முடியும் போலிருக்கே.”

பாப்பா அளவு எழுதிய சீட்டை எடுத்துப் பார்த்தாள். அவள் அளவு தப்பவில்லை. வெட்டும்போது தாராளமாக விட்டிருந்தாள்.

“ரிவர்ஸ் சுத்தமா முடியாது” என்றார் பஸ் அக்கா.

“கல்யாணத்துல ரிவர்ஸ் எதுக்கு?” என்றாள் அண்ணி. சிரிப்பு வராத குரலில். அவள் கண் பக்கவாட்டு மூட்டில் நின்றிருந்தது. எவ்வளவு துணி எங்கே போனதென்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“பாப்பா, நீ ஏன் திரும்பப் பிரிச்சே?”

“நானா? நீங்க பிரிச்சதாலே பிரிச்சேன். பிரிச்சது நீங்கதானே?”

“நான் எதுக்குடி பிரிக்கப் போறேன்? நீ பக்கம் மாத்தித் தச்சு வச்சிருந்தே. யாராவது பார்த்துச் சிரிப்பாங்களேன்னு சரி பண்ணி வச்சேன்.”

“அண்ணி, அது பிரெஞ்சுத் தையல். பாதி முடிஞ்சது.”

“மொத்தமும் பாதியிலயா நிக்கும்?”

“பேக்டரியில அப்படித்தான்.”

அண்ணி பக்கவாட்டு ஓரத்தைத் திருப்பி உள்ளே பார்த்தாள்.

“பிரெஞ்சுத் தையல் உங்களுக்குத் தெரியாதா?” என்றாள் பாப்பா, இப்போது மெதுவாக.

“எனக்குத் தெரியும்டி. உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது.”

முதல் பகுதியில் நான் திரைக்குப் பின்னாலிருந்து கேட்ட சிரிப்பை இங்கே அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி, குண்டூசி குத்தாமல் அசையாமல் உட்கார்ந்திருந்த பஸ் அக்கா கேட்டார்: “நீங்க சிரிச்சு முடிச்சா, நான் கைய இறக்கலாமா?”

9

துணி மிச்சமில்லை. அதே துணி கடையில் தீர்ந்துவிட்டது. (இதை நான் முடிவு செய்தேன். இருந்திருந்தால் ஒரு மீட்டர் வாங்கிவந்து கதையை முடித்திருப்பார்கள்.)

வழி சொன்னது பஸ் அக்காதான், வழி சொல்கிறோம் என்று தெரியாமலேயே. எழுந்து நின்று கீழே பார்த்தவர், “இவ்வளவு நீளமும் வேணுமா? பிரேக்குல மாட்டிக்குமே” என்றார்.

பாப்பாவும் அண்ணியும் ஒரே சமயத்தில் கீழ் ஓரத்தைப் பார்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே வெட்டினால் நிறையத் துணி கிடைக்கும். அதை நீள முக்கோணங்களாக வெட்டி, அக்குளிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கமும் சொருகினால் முதுகு விரியும், கையும் தூக்கலாம். நீளம் அகலமாக மாறிவிடும். ஆனால் இரண்டு மூட்டுகள் இருந்த இடத்தில் நான்கு வரும். எல்லாம் பிரெஞ்சு. அதற்கு மேல் கைக்குழி வளைவில் கைகளை இணைக்க வேண்டும், கீழே மடித்துக் கையால் தைக்க வேண்டும். பஸ் அக்கா காலையில் வந்து எடுத்துக்கொள்வார்.

“ஒரு பக்கம் நீ தை. ஒரு பக்கம் நான் தைக்கறேன்” என்றாள் அண்ணி. சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பாப்பா மனதுக்குள் கணக்குப் போட்டாள். அண்ணி கை வைத்தால் மேலங்கி நிச்சயம் முடியும். வைக்காவிட்டால் முடியலாம், முடியாமலும் போகலாம். முடிந்தால் அது அவளுடையது, முழுசாக.

இங்கே எனக்கு மூன்று வழிகள் தெரிகின்றன.

(அ) பாப்பா கதவைச் சாத்திக்கொள்கிறாள். அண்ணி வெளியே சாவிக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து, மிஷின் சத்தத்தைக் காதால் வேவு பார்க்கிறாள். “இப்போ பக்கவாட்டு... இப்போ வளைவு, அதான் மெதுவா போகுது... நிறுத்திட்டா. ஏன் நிறுத்தினா? போய்ப் பார்க்கவா?” “உக்காரும்மா” என்கிறார் சாவிக்கடைக்காரர், ஒரு சாவியை அரத்தில் தேய்த்துக்கொண்டே. மிஷின் மறுபடி ஓடத் தொடங்குகிறது. அண்ணி பெருமூச்சு விடுகிறாள். இந்த வழியில் எனக்கு மிகப் பிடித்தது அண்ணி உட்கார்ந்திருப்பதுதான். அவள் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு எந்த வேலையும் செய்ததில்லை.

(ஆ) இருவரும் தைக்கிறார்கள். ஒரே மிஷின், அதனால் ஒருத்தி ஓட்டும்போது மற்றவள் கையால் பிடித்து ஓட்டுத்தையல் போட்டுக் கொடுக்கிறாள். வேலை முடிந்ததும் உருவி எறியப் போகிற தையல்தான் அது. ஆனாலும் துணி நழுவாமல் நிற்பது அதனால்தான். “நீங்க இழுக்காதீங்க.” “நான் இழுக்கலைடி, நீ தள்றே.” சண்டையும் தையலும் ஒரே வேகத்தில் போகின்றன. (உருவி எறிந்த நூல் பாப்பாவின் தலையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை போகிறது.) இது நடந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால், பாப்பாவின் ஆசை என்ன ஆவது?

(இ) பாப்பா ஊசியை இறக்காமல் நிறுத்திவிடுகிறாள். மூன்றாம் முறையும் துளை விழுந்தால் வெட்டி எறிய ஓரமில்லை. எழுந்து ஸ்டூலை அண்ணியிடம் தள்ளுகிறாள். அண்ணி உட்கார்ந்து

[இதை மேலே எழுத மனம் வரவில்லை. உங்களுக்கு வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.]

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு நண்பரிடம் கொடுத்தேன். அவர் (ஆ) என்றார். அவர் மனைவி (அ) என்றார். “நீங்க சமைக்கும்போது நான் எட்டிப் பார்க்காம இருக்கேன்ல, அந்த மாதிரி” என்று காரணமும் சொன்னார். எப்போது நீ எட்டிப் பார்க்காமல் இருந்தாய் என்று நண்பர் கேட்க, அது தனிக் கதையாகப் போய்விட்டது. நான் கிளம்பி வந்துவிட்டேன்.

10

எந்த வழியில் போனாலும் மேலங்கி முடிந்தது. அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காலையில் தெருவை அடைத்துக்கொண்டு பஸ் வந்து நின்றது. உள்ளே முழுக்க டிப்போ ஆட்கள். நடு வரிசையில், வெள்ளைச் சட்டையில், எண்ணெய்க் கறை போகத் தேய்த்துச் சிவந்த கைகளோடு மாப்பிள்ளை. பஸ் அக்கா இறங்கி வந்து, மூலைத் திரைக்குப் பின்னால் போய் மேலங்கியைப் போட்டுக்கொண்டு வந்தார். கண்ணாடியில் பார்க்கவில்லை. நேரே ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இடது கோடி வரை திருப்பினார். பிறகு வலது கோடி. முதுகில் துணி விரிந்து, அக்குளில் முக்கோணங்கள் திறந்து மூடின. ஆர்கன்சா வழியாகக் காலை வெயில் நுழைந்து மறுபக்கம் போனது. நடுவில் முடிபோல நான்கு கோடுகள் மட்டும். பிசிறு இல்லை. துளை இல்லை.

அவர் ஹாரனை நீளமாக அடித்தார். பஸ்ஸுக்குள் விசில் பறந்தது. சாவிக்கடைக்காரர் கையிலிருந்த சாவிக்கொத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் குலுக்கினார்.

பஸ் அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். கீழே நடைபாதையில் பாப்பாவும் அண்ணியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

“என்னமா இருக்கு! யாரு தச்சது இது?”

அண்ணி பாப்பாவைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. பாப்பா கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு சொன்னாள்:

“                                        .”

இதை நான் நிரப்பப் போவதில்லை. ‘நான்’ என்று எழுதினால் இருபது வருஷம் தைத்த ஜீன்ஸ் கால்களுக்கும் சேர்த்து ஒரு பதில் கிடைத்த மாதிரி இருக்கிறது. ‘அண்ணி’ என்று எழுதினால் அண்ணி அழுதுவிடுவாள், பஸ் புறப்படத் தாமதமாகும். ‘நாங்க’ என்று எழுதினால் இஸ்திரி போட்டு மடித்துக் கவரில் போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. ஆனாலும் அது பொய்யில்லை என்றால் நான் என்ன செய்ய? உங்களுக்கு இந்த இரண்டு பெண்களையும் இப்போது என் அளவுக்குத் தெரியும். பேனாவை எடுத்து நீங்களே எழுதுங்கள்.

அதற்கு அடுத்த வரியை மட்டும் நான் எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் எதை எழுதினாலும் பொருந்துகிறதா என்று மூன்றோடும் வைத்துப் பார்த்துவிட்டேன். பொருந்துகிறது.

“இத மொத நாளே சொல்லித் தொலைச்சிருந்தா என்னவாம்?” என்றாள் அண்ணி. பாப்பாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கிளம்பிவிட்ட பஸ்ஸில் ஓடிப்போய் ஏறினாள்.